ட்ரபீஸ் கம்பியின் இரண்டு முனைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறிய கேட்டமரான் (இரட்டை மிதவை) பாய்ப்படகில், ஆள் வெளியே தொங்கிப் படகைச் சமன் செய்ய உதவும் ட்ரபீஸை வீட்டிலேயே பொருத்துவது பற்றி உங்கள் இதழில் வந்த குறிப்பு, கம்பியின் தடிமனைச் சொல்லி நின்றுவிட்டது. கம்பி நடுவில் அறுந்து ஆள் விழுவது அரிது. கோளாறு வருவது இரண்டு முனைகளில்: மேலே பாய்மரத்தில் மாட்டும் இடம், கீழே இடுப்புக் கொக்கி.

பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளும் முன்கம்பியும் அதில் சேரும் இடத்திலேயே ட்ரபீஸ் கம்பியையும் மாட்ட வேண்டும். ஓரடி மேலே போனால் கோணம் நன்றாக வரும் என்று தோன்றும். ஆனால் அந்த ஓரடிக்குப் பிடிமானம் எதுவும் கிடையாது. ஆள் தொங்கியதும் மரம் அங்கே பக்கவாட்டில் வளையும். சுழலும் பாய்மரம் என்றால் இரு பக்க ட்ரபீஸ் கம்பிகளையும் மரத்தின் முன்பக்க நடுவில் மாட்டுங்கள். ஷேக்கிள் (U வடிவ இணைப்பு) திருகைச் சிறு கம்பியால் கட்டிப் பூட்டாமல் விடக்கூடாது. சுமையில்லாத பக்கத்துக் கம்பி காற்றில் ஆடி ஆடியே திருகைக் கழற்றிவிடும். புதிதாகத் தகடு அடிப்பதானால் அலுமினிய ரிவெட் வேண்டாம், மோனெல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிவெட் போடுங்கள். எஃகுத் தகட்டுக்கும் அலுமினிய மரத்துக்கும் இடையே காப்புப் பசை தடவ வேண்டும். இல்லையென்றால் உப்புநீர் பட்டு, துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். ரிவெட் ஆடத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

கம்பி 2.5 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு போதும். முனையில் திம்பிள் (வளைவைக் காக்கும் உலோகக் கண்ணி) வைத்து, செம்பு ஃபெரூல் (அழுத்து குழல்) இரண்டை உரிய இடுக்கியால் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டியது பார்வைக்கு இறுகியிருக்கும், சுமை வந்தால் வழுக்கும். கம்பி இழைகள் முதலில் அறுவது ஃபெரூலின் வாயருகே. அங்கே ஒரு பருத்தித் துணியால் துடைத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் அந்தக் கம்பியின் ஆயுள் முடிந்தது.

கம்பிக்குப் பதில் டைனீமா (வலுவான, வழுவழுப்பான செயற்கை இழை) கயிறு விரும்புபவர்கள் 4 மி.மீ. எடுக்கலாம். ஆனால் முடிச்சுப் போடாதீர்கள். வலிமையில் பாதி அங்கேயே போய்விடும். முனையைக் கயிற்றின் உள்ளேயே விட்டத்தைப்போல் 72 மடங்கு, அதாவது சுமார் 29 செ.மீ. புதைத்து, நூலால் குறுக்கே தைக்க வேண்டும். தையல் இல்லாத புதைப்பு, சுமையில்லாமல் ஆடும்போது மெல்ல வெளியே வந்துவிடும். இதே வழுக்கலால் டைனீமா கிளீட்டிலும் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கருவி) நிற்காது. ஆகவே கம்பியில் உள்ள கைப்பிடிக்குக் கீழே உயரம் மாற்றும் பகுதிக்கு 5 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு, சுமார் ஒன்றரை மீட்டர், இரண்டுக்கு ஒன்று இழுவையில் (பாதி விசையில் இழுக்கும்படி) போடுங்கள்.

உயரம் பார்ப்பது எளிது. மிதவையின் வெளி விளிம்பில் உட்கார்ந்து இடுப்புக் கொக்கியைக் கம்பியின் கீழ்முனை வளையத்தில் மாட்டிப் பின்னால் சரியுங்கள். பிட்டம் விளிம்பை விட்டு நழுவும் அதே கணத்தில் கம்பி எடையை வாங்க வேண்டும். பழகும்வரை வளையத்தை ஒரு கை அளவு உயர்த்தியே வையுங்கள். தாழ்த்தி வைத்தால் அலை இடுப்பில் அடித்துக் காலைப் பறிக்கும், திரும்ப ஏறுவதும் பாடு.

கம்பி ஆடாமல் பிடிக்கும் ரப்பர் கயிற்றைப் பக்கத்துக்கு ஒரு துண்டாகக் கட்டுவது பலரும் செய்யும் பிழை. ஆள் ஒரு மீட்டர் வெளியே போனால் குட்டைத் துண்டு அவ்வளவு நீளாது. வளையத்தைக் கொக்கியிலிருந்து பிடுங்கப் பார்க்கும். 5 மி.மீ. ரப்பரை ஒரு வளையத்திலிருந்து ட்ராம்போலின் வலைக்கு அடியில் ஓட்டி மறுபக்க வளையம்வரை ஒரே துண்டாக விடுங்கள். ஆளில்லாதபோது கம்பி ஆடாமல் நிற்கும் அளவு இறுக்கம் போதும்.

கரையில் தொங்கிப் பார்க்கும்போது எதிர் மிதவையைத் தரையோடு கட்டுங்கள். 100 கிலோ படகு, 2.4 மீட்டர் அகலம் என்றால், ஒரு பக்க மிதவையை அச்சாக வைத்து அதன் பிடிமானம் 100 கிலோ × பாதி அகலம் 1.2 மீட்டர் = 120. 80 கிலோ ஆள் ஒரு மீட்டர் வெளியே தொங்கினால் 80. இரண்டு பேர் தொங்கினால் படகு தலைமேல் வரும். இதே கணக்குதான் தண்ணீரில் உங்களுக்கு உதவுகிறது. அந்தக் கூடுதல் விசை பக்கக் கம்பிகளுக்கும் அவற்றின் அடித்தகடுகளுக்கும் போகிறது என்பதால், ட்ரபீஸுக்கென வடிவமைக்காத படகில் முதலில் அவற்றைச் சோதியுங்கள்.

மற்ற எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம், ஹார்னஸ் (இடுப்பு வார்) கொக்கியை மட்டும் வேண்டாம். படகு கவிழ்ந்து, ஆள் பாய்க்கு அடியில் போனால், ரப்பரின் இழுப்பே வளையத்தைக் கொக்கியில் பிடித்து வைத்திருக்கும். போட்டி விதிகளில் 50ஆம் விதி, ட்ரபீஸ் ஹார்னஸ் உடனே விடுபடும் அமைப்போடு இருக்க வேண்டும் என்கிறது. அது 2023 முதல் நடைமுறையில் உள்ளது. வாங்கியதும், தரையில் முழு எடையையும் தொங்கவிட்டு ஒரு கையால் விடுவித்துப் பாருங்கள். சும்மா நிற்கும்போது திறக்கும் சில கொக்கிகள், சுமை ஏறியதும் திறப்பதில்லை.

இப்படிக்கு,
பாய்ப்படகு வாசகர் ஒருவர்