பஸ்ஸுக்குள் விளக்குப் போட்டவருக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம்.

54 வயதில் என் முதல் நாவல் வந்திருக்கிறது. நன்றி சொல்லப் பதிப்பாளர் பத்து வரி ஒதுக்கினார். அதில் அடங்காதவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, தமிழே தெரியாத ஒருவருக்கு. அபுதாபி முசஃபாவில் எங்கள் கேம்ப் பஸ்ஸை ஓட்டிய பெஷாவர்க்காரர். காலை 4.30-க்குக் கிளம்பும் பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். உள்விளக்கை அணைத்துவிடுவதுதான் வழக்கம். இருட்டில் நான் நோட்டோடு மல்லுக்கட்டுவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். மறுநாளிலிருந்து என் சீட்டுப் பக்கம் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. என்ன எழுதுகிறாய் என்று இந்தியில் ஒரே ஒரு தடவை கேட்டார். ஊர்க்கதை என்றேன். கடிதம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

கோடையில் சட்டமே கைகொடுத்தது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. மற்றவர்கள் அட்டையை விரித்துப் படுப்பார்கள். காலி கேபிள் டிரம்மைப் படுக்கப்போட்டால் எலக்ட்ரீசியனுக்கு அருமையான மேஜை. அந்த டிரம்மை ஸ்கிராப்பில் சேர்க்காமல் மூன்று கோடை ஒளித்துவைத்த ஸ்டோர்கீப்பர் சேட்டனுக்கு நன்றி.

நாவல் ராமநாதபுரத்துக் கண்மாய் ஒன்றையும், அதன் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் கடைசி நீர்பாய்ச்சியையும் பற்றியது. எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அந்தத் தொழில் தெரியாது என்பது தெரிந்தது. தெரிந்தவர் என் தாய்மாமன். அவரிடம் பேசலாம் என்றால், அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்பு எடுக்காது. குரல்பதிவு மட்டும் போகும். எத்தனை நாள் அதைத் திட்டியிருக்கிறேன்! கடைசியில் அதுவே நல்லதாகிவிட்டது. நேரில் பேசியிருந்தால் காற்றோடு போயிருக்கும். இப்போது மாமாவின் குரல் இருநூறுக்கு மேல் என் போனில் இருக்கிறது. "மாப்ள, கலுங்குல தண்ணி தானா வழியும். மடையத்தான் ஆளு தொறக்கணும். நீ ரெண்டையும் ஒண்ணாக்கிப்புட்ட" என்று அவர் திட்டியதைக் கேட்டுக் கேட்டே ஒரு அத்தியாயத்தை நாலு தடவை திருத்தினேன்.

ஆரம்பத்தில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பக்கங்களை வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஆபீஸில் கணக்கு பார்த்த யாழ்ப்பாணத் தம்பி ஒரே இரவில் யூனிகோடுக்கு மாற்றித் தந்தார். தமிழில் தட்டச்சு செய்யும் செல்லினம் செயலியைப் போனில் போட்டுத் தந்ததும் அவர்தான். மீதி நாவல் கட்டைவிரலால் எழுதியது.

அப்புறம், பதிப்பகங்கள். ஒரு இடத்தில் இரண்டு வருஷம் கிடந்தது, பதிலே இல்லை. அது இங்கே வேண்டாம். கடைசியில் எடுத்துக்கொண்ட பதிப்பகத்தின் எடிட்டர் அம்மா முதல் 80 பக்கத்தைத் தூக்கச் சொன்னார். ராத்திரி முழுக்கக் கோபம். விடிகிற நேரத்தில் எடுத்துப் படித்தால், அந்த 80 பக்கமும் ஊரை நினைத்து நான் அழுததுதான்; கண்மாயை ஒரு இடத்தில்கூடக் காணோம். தூக்கிவிட்டேன். மெய்ப்பு பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கும் வணக்கம். தேவையில்லாத இடத்தில் நான் போட்ட ஒற்றுகளை எடுக்கவே அவருக்கு ஒரு மாதம் பிடித்ததாம்.

என் மனைவிக்கு நன்றி சொன்னால் சிரிப்பாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 45 நாள் லீவில் வந்து, அதிலும் பாதி நாள் கண்மாய்க்கரையில் திரிந்தவனை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதிலும் இருந்திருக்காது.

மாமாவுக்கு இப்போது கண் சரியில்லை. அதனால் ராத்திரிக்கு ஒரு அத்தியாயமாக நான் படித்துக் குரல்பதிவாக அனுப்புகிறேன். ஒன்பதாவது வரை போயிருக்கிறது. நேற்று பதில் வந்தது: "கத நல்லாத்தான் போகுது மாப்ள. ஆனா மூணாவது மடைய வடகோடில வச்சிட்டியே, அது தென்கோடில்ல!"

இரண்டாம் பதிப்பு வந்தால் மாற்றிவிடுகிறேன், மாமா.