இரைச்சலை நீக்காதீர்கள்

அரபு எழுச்சிப் பாடல்களின் ஒலிப்பதிவுகளைத் திரட்டிக் காக்கும் குழுக்களுக்கு,

வணக்கம். 2011இல் அரபு நாடுகளில் ஆட்சியாளர்களை எதிர்த்து மக்கள் எழுந்தபோது, எகிப்தியத் தலைநகர் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்திலும் சிரியாவின் ஹமாவிலும் கைபேசிகளில் பதிவான பாடல்களைச் ‘சுத்தம் செய்து’ வெளியிடும் வழக்கம் பெருகிவிட்டது. நல்லெண்ணம்தான். ஆனால் அழுக்கோடு பாதிப் பாட்டும் போய்விடுகிறது.

ஹமாவில் ஒலித்த ‘யல்லா இர்ஹல் யா பஷார்’, அதாவது அன்றைய சிரிய அதிபர் பஷார் அல்-அசதைப் பார்த்து ‘பஷாரே, கிளம்பு’ என்ற பாட்டு, கல்யாண ஊர்வலங்களில் பாடும் ‘அராதா’ முறையில் அமைந்தது. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கூட்டம் பதில் பாடும். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு அந்தப் பதிலும் கைத்தட்டலும் குப்பை. தஹ்ரீரில் எகிப்தியப் பாடகர் ராமி இஸாம் பாடிய ‘இர்ஹல்’ பாட்டோ கூட்டத்தின் கோஷங்களைக் கோத்தே கட்டப்பட்டது. அங்கே எதை நீக்கப் போகிறீர்கள்?

கூட்டம் முழங்கியதும் கைபேசி தானாக ஒலியைத் தாழ்த்தும், மெல்லத்தான் மீளும். அதனால் பாடகரின் அடுத்த அடியில் முதற்சொல் அமுங்கிவிடும். மொத்தப் பதிவையும் உயர்த்தாமல், அந்த ஓரிரு விநாடியை மட்டும் கையால் 3 முதல் 6 டெசிபல் ஏற்றுங்கள். கருவி தாங்கும் அளவை மீறியதால் உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியைத் தாழ்த்தினாலும் தெளியாது. அதே தருணத்தின் வேறொரு பதிவைத் தேடி, ஒரு கைத்தட்டலை வைத்துப் பொருத்துங்கள். கைபேசிகளின் கடிகாரங்கள் ஒன்றுபோல ஓடா. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

சுருதி திருத்தும் கருவி பக்கம் போகவே வேண்டாம். எகிப்தின் எதிர்ப்புப் பாடகர் ஷேக் இமாம் ஊத் என்ற தந்திக் கருவியை வாசித்துப் பாடிய பழைய பாடல்கள் 2011இல் சதுக்கத்தில் மறுபடி ஒலித்தன. அவ்வகைப் பாட்டில் ‘ராஸ்த்’ மகாம் (மகாம் என்பது நம் ராகம் போன்றது) வந்தால், அதன் மூன்றாம் சுரம் ஆதார சுரத்திலிருந்து ஏறத்தாழ 350 சென்ட் (அரைச்சுர இடைவெளி 100 சென்ட்); நம் கர்நாடக இசைக் கணக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே. கருவி அதை 300க்கோ 400க்கோ இழுத்துவிடும். அப்புறம் அது ராஸ்த் இல்லை.

பெயர் போடுவதில் அவசரம் கூடாது. ஹமா பாடலைப் பாடியவர் இப்ராஹிம் காஷூஷ் என்றும், தொண்டை அறுபட்டு ஆற்றில் கிடந்தவர் அவரே என்றும் உலகமே எழுதியது. பாடியவர் வேறொருவர், உயிரோடிருக்கிறார் என்று 2016இல் செய்தி வந்தது. ஐயம் இருந்தால் ‘ஹமா, 2011, பாடியவர் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள்.

உறுதியாகத் தெரிந்த பெயரையும் உடனே வெளியிட வேண்டியதில்லை. எகிப்து அதிபரைக் கேலி செய்த ராமி இஸாமின் 2018ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று வெளியானபோது அவர் நாட்டில் இல்லை. காணொளியை இயக்கிய ஷாதி ஹபாஷ் எகிப்தில் இருந்தார். அவர் கைதாகி, விசாரணையின்றி 2 ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டு, 2020 மே மாதம் கெய்ரோவின் தோரா சிறையில் இறந்தார். பதிவு செய்தவர், கோஷம் எழுதியவர் பெயர்களைத் தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். வெளியிடும் நகலில் முகங்களை மறையுங்கள். கோப்பினுள் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பையும் அழியுங்கள். அசல் கோப்பில் மட்டும் கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
களப்பதிவு ஒலிப்பொறியாளர்கள் சிலர்