நினைவு உதவித்தொகைத் தேர்வில் குளறுபடி: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தகுதியுள்ள மாணவர்களின் விண்ணப்பங்களை நிராகரித்தது தொடர்பாக

ஐயா,

அணு உலை இயற்பியலில் எம்.டெக்., முனைவர் பட்டம் படிப்பவர்களுக்கு என் அப்பாவின் நினைவாக நாங்கள் தரும் உதவித்தொகைக்கு, விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் தகுதிப் பட்டியல் தயாரிக்கும் வேலையைக் கட்டணம் கட்டி உங்களிடம் ஒப்படைத்தோம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் அணு உலை பக்கம் போன ஒருவர்கூட இல்லை. முதலிடத்தில் இருப்பவர் அணு மருத்துவம் படிக்கிறார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்தப் பணம் அந்தத் துறைக்கானது அல்ல.

உங்களால் நிராகரிக்கப்பட்ட மாணவி ஒருவர் விளம்பரத்தில் இருந்த எங்கள் எண்ணுக்குப் போன் செய்தார். வேக ஈனுலைகளில், அதாவது எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கக்கூடிய அணு உலைகளில், தாமத நியூட்ரான்கள் பற்றி ஆய்வு செய்கிறார். அவருக்கு நீங்கள் அனுப்பிய பதில், "பாடப்பிரிவு பொருந்தவில்லை." விசாரித்தால், படிவத்தில் 'இயற்பியல்' என்று குறித்தவர்களை மட்டுமே உங்கள் மென்பொருள் உள்ளே விட்டிருக்கிறது. அணுப் பொறியியல் துறையில் சேர்ந்து உலை இயற்பியல் படிப்பவர்கள் 'பொறியியல்' என்றுதானே குறிப்பார்கள்? அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின்போதே எழுதிக் கொடுத்திருந்தேன்.

அந்த மாணவி எடுத்திருப்பது அப்பா வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்ட விஷயம். அணு உலை எரிபொருளான யுரேனியம்-235 பிளவுபடும்போது வரும் நியூட்ரான்களில் சுமார் 0.65 சதவீதம் கொஞ்சம் தாமதமாக வருகின்றன. உலையை நிதானமாகக் கட்டுப்படுத்த முடிவதே அவற்றால்தான். ஈனுலைகளில் பயன்படும் புளுட்டோனியம்-239இல் அது சுமார் 0.2 சதவீதம்தான், அதனால் கணக்கு இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். புளுட்டோனியம் கலந்த கார்பைடு எரிபொருளுடன் கல்பாக்கத்தின் சோதனை ஈனுலையில் 1985 அக்டோபரில் முதன்முதலாகத் தொடர்வினை (ஒரு பிளவில் வரும் நியூட்ரான் அடுத்த பிளவை உண்டாக்குவது) நிலைபெற்றபோது, அப்பா அந்தக் கணக்குகளைப் பார்த்த குழுவில் இருந்தார். இந்தப் படிப்புக்கு வருகிறவர்களே குறைவு. அவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் எப்படி?

உங்கள் சேவை மையத்தில் கேட்டால், "சிஸ்டம் எடுத்த முடிவு, மாற்ற முடியாது" என்கிறார்கள். சிஸ்டத்துக்கு விதி எழுதிக் கொடுத்தது உங்கள் ஆட்கள்தானே!

நிராகரித்த விண்ணப்பங்கள் அனைத்தையும் உடனே எங்களிடம் ஒப்படையுங்கள். உலை இயற்பியல் தெரிந்த பேராசிரியரை வைத்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அந்த மாணவர்களுக்குத் தவறு உங்களுடையது என்று எழுத்தில் தெரிவியுங்கள். இந்த ஆண்டுக்கான கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
அறக்கட்டளைச் செயலாளர்