மரியாதையாய்க் கேட்டால்

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பேரன் வகுப்பில் ரீச்சரோடு எதிர்வாய் கதைத்தான், மன்னிப்புக் கேட்க மாட்டன் என்று நின்றான், எங்கட வளர்ப்புப் பிழைத்துவிட்டதோ என்று இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாய். எதைப் பற்றி எதிர்வாய் கதைத்தான் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதை முதலில் அவனிடம் கேள். எங்களிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

என் மகளின் கதையைச் சொல்கிறேன். போன மாதம் அவளுடைய மேலாளர் ஒரு கடன் படிவத்தைக் கொண்டுவந்து, முந்தின கிழமைத் திகதியைப் போட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அதட்டவில்லை. "நங்கி (தங்கச்சி), ஒரு சின்ன உதவி" என்று சிங்களமும் கலந்து சிரித்தபடி, பேனா மூடியையும் தானே கழற்றிக் கொடுத்திருக்கிறார். இவள் வைத்துவிட்டாள். அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஏன் பிள்ளை மறுக்கவில்லை என்று கேட்டால், "அவ்வளவு மரியாதையாய்க் கேட்கிற மனுசனுக்கு எப்படியப்பா மாட்டன் எண்டு சொல்றது?" என்கிறாள்.

1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்ரான்லி மில்கிராம் தொடங்கிய பரிசோதனை நினைவுக்கு வந்தது. பரிசோதனைக்கு வந்தவர்களிடம், பிழையான பதில் சொல்கிறவருக்கு 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை மின்சாரம் கொடுக்கச் சொன்னார்கள். மின்சாரம் பொய், வாங்கினவர் நடித்தவர். மின் ஆளியை (சுவிட்சை) அழுத்தினவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி ஆளிவரை போனார்கள். இந்தக் கணக்கைச் சொல்லி, மனிதன் கொடியவன் என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் வியர்த்துக் கொட்டி, உதட்டைக் கடித்து, நாக்குழறியிருக்கிறார்கள். 14 பேருக்குப் பதற்றத்தில் சிரிப்பு வந்திருக்கிறது. மனச்சாட்சி உள்ளே கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒப்புக்கொண்ட வேலையை விட்டுவிட்டு பரிசோதனையை நடத்தின மனுசர் முன்னால் எழும்பிப் போகத்தான் கூச்சம்.

நடத்தினவரும் முதலில் "தயவுசெய்து தொடருங்கள்" என்றுதான் சொல்வார். "வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகவேண்டும்" என்பது நாலாவது முறை மறுத்தால்தான் வரும். பின்னாளில் ஜெரி பேர்கர் என்ற உளவியலாளர் 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டு இதைத் திரும்பச் செய்து, 2009இல் வெளியிட்டார். அதில் அந்த நாலாவது வசனத்தைக் கேட்ட ஒருவர்கூடத் தொடரவில்லை. எனக்கு இதுதான் அதிர்ச்சி. நாங்கள் பயப்படவேண்டியது அதட்டுகிறவனுக்கில்லைப் போலிருக்கிறது.

யுத்த காலத்துச் சோதனைச்சாவடிகளை யோசித்துப் பார். பஸ்ஸால் இறங்கி வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி, ஆமிக்காரன் பையைக் கிளறி முடிய, சிங்களத்தில் "பொஹொம ஸ்துதி" (மிக்க நன்றி) சொன்னது நாங்கள்தான். அது எங்களை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது, குறைசொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் காலி வீதி பஸ்ஸில் போன் அடித்தால், தமிழில் கதைக்க என் குரல் தானாகத் தாழ்கிறது.

2007 ஜூன் 7 ஞாபகம் இருக்கும். லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பியது. ஏற்றினவருக்குக் கட்டளை, ஓட்டினவருக்குக் கட்டளை, பார்த்தவர்களுக்கு 'நமக்கேன் வம்பு'. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற சிவில் அமைப்பு வழக்குப் போட்டது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அதற்காகக் கீழ்ப்படிவு முழுக்கக் கெட்டது என்று சொல்ல வரவில்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசையில் எல்லோரும் முறைக்கு நின்றபடியால்தான் எனக்கும் ஏதோ கிடைத்தது. முண்டியடித்திருந்தால் என் வயதுக்காரருக்கு வெறும் பெற்றோல் கான்தான் மிச்சம்.

மில்கிராமின் இன்னொரு சுற்றில், கூட இருந்த இரண்டு பேர் இடையில் எழும்பி மறுத்தார்கள். அப்போது 40இல் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். அதைச் சொல்லி, அடுத்த முறை பக்கத்து மேசைப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு மறு என்று மகளிடம் சொன்னேன். யோசிக்கிறாள். அவளுக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, சாய்கதிரையில் இருந்துகொண்டு நான் வீரம் கதைக்கலாம். பக்கத்து மேசைக்கும் இதே மாதிரி ஒரு படிவம் வந்ததாம். இருவரும் நாளைக்கு மதியச் சாப்பாட்டில் கதைக்கப் போகிறார்களாம். என்ன நடந்தது என்று பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்