சைக்கிள் வால்வு பின்னைக் கழற்றுவதற்கு முன் வழியைச் சொல்லுங்கள்

மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று ஞாயிறுகளுக்கு முன் உங்கள் செக்போஸ்ட் ஒன்றில் நடந்தது இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் மெமோ வாங்கப்போவது அன்று பணியில் இருந்த வனக்காவலர் மட்டும்தான். அவர் கையில் எழுத்தில் ஒரு உத்தரவும் இல்லை. எங்கள் கையிலும் இல்லை. நான் கேட்பதெல்லாம் அந்த ஒரு தாள்தான்: எந்தப் பாதையில் சைக்கிள் போகலாம், எதில் கூடாது?

நானும் பிளஸ் டூ படிக்கும் அக்கா மகனும் போனது மலைமேல் ஊருக்காரர்கள் ரேஷன் அரிசி சுமந்து ஏறுகிற பழைய வண்டிப்பாதை. ஏரிக்கரையில் தொடங்கி, கொள்ளுக்காட்டு ஓரமாக ஏறி, காப்புக்காட்டு எல்லைக்கல்லை ஒட்டித் திரும்பும். போன வருஷம் இரண்டு முறை போனோம். அப்போதிருந்த காவலர் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "மழைக்கு முந்தி இறங்கிடுங்க சார்" என்று அனுப்பினார். இந்த முறை இருந்தவர் மேலே போய்த் திரும்பி வந்த எங்களை நிறுத்தி, இரண்டு சைக்கிளிலும் காற்றைப் பிடித்து வைக்கிற வால்வு பின் நான்கையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கரடி நடமாட்டம், உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார்.

எந்த பஞ்சர் கடையிலும் கிடைக்கிற சில்லறைச் சாமான்தான். கடைதான் 11 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வெறும் ரிம்மில் உருட்டினால் டயர் கிழிந்துவிடும். ஆடு ஓட்டி வந்த ஒரு பாட்டி பார்த்துவிட்டு, "வைக்கோலைத் திணிங்கப்பா, எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் ஓட்டிட்டு வருவாரு" என்று தன் வீட்டுப் படப்பிலிருந்து சாமைத் தாள் உருவிக் கொடுத்தார். டயரைப் பிரித்து, டியூபை எடுத்துவிட்டு, பையனும் நானும் முறுக்கி முறுக்கித் திணித்தோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அரை மணி. அடைத்து முடிக்கும்போது ஆறரை. கரடி வரும் என்று காவலர் பயந்தாரே, அதே இருட்டில் சக்கரத்திலிருந்து தாள் உதிர உதிரத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். பையன் வழிநெடுக வாயே திறக்கவில்லை.

நாங்கள் செக்போஸ்ட்டில் நின்றபோது, பின்னால் ஸ்பீக்கர் கட்டிய ஜீப்புகள் மூன்று வந்தன. மேலே கேம்ப்ஃபயர் போடப் போகிறவர்கள். தடுப்புக் கம்பு தானாக எழுந்தது. காட்டுக்கு ஆபத்து இரண்டு இஞ்ச் அகல டயரில்தான் வருகிறது என்பதை அன்று தெரிந்துகொண்டோம். நன்றி.

கெடுபிடியே வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டதை யாரும் மறக்கவில்லை. ஆனால் 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு, கட்டணம், கூடவே உள்ளூர் வழிகாட்டி. நடப்பவனுக்கு இத்தனை ஒழுங்கு செய்ய முடிந்த கை, சைக்கிள்காரன் என்றால் மட்டும் ஏன் வால்வுக்குப் போகிறது? கையளவு சிங்கப்பூரில் புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தைச் சுற்றி மலைசைக்கிளுக்கென்றே தடம் போட்டிருக்கிறார்கள். இங்கே நான் சரக அலுவலகத்தில் கேட்டேன், மாவட்டத்தைக் கேள் என்றார்கள். மாவட்டத்தில் சுற்றுலாத் துறையைக் கைகாட்டினார்கள். அங்கே, "சைக்கிளா, மோட்டார் சைக்கிளா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன். திறந்த பாதை எது, மூடிய பாதை எது, எந்த மாதம், எத்தனை மணி வரை என்று எழுதி, செக்போஸ்ட் சுவரில் ஒட்டுங்கள். கட்டணம் வையுங்கள், கட்டுகிறோம். மண் ஈரமாக இருக்கும்போது டயர் தடம் வாய்க்காலாக அரித்துவிடும். மழை பெய்த மறுநாள் வரமாட்டோம். எல்லாமே மூடல் என்றால் அதையாவது எழுதிப் போடுங்கள், ஏரிக்கரையோடு திரும்பிவிடுகிறோம்.

தயவுசெய்து ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் தள்ளி வந்த ஒருவன்

பி.கு.: வால்வு பின் நான்கும் அந்தக் காவலரின் சட்டைப்பையில்தான் இருக்கின்றன. புதிது வாங்கிவிட்டோம். இருந்தாலும் ரசீது இல்லாமல் எடுத்தது அரசுக் கணக்கில் வராது என்பதால், திருப்பித் தரச் சொல்லுங்கள்.