உமா, டிசம்பர் வேணாம், ஜூன்ல வா

அன்புள்ள உமா,

அம்மாவுக்கு ரெண்டாவது கண்ணுலயும் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. சொட்டு மருந்தை மட்டும் விடாம போடச் சொல்லு, நல்லா தெரிய ஆரம்பிச்சதும் பாதியில நிறுத்திடுவாங்க, வார்டுல நான் இதைத்தான் தினம் பாக்குறேன். எனக்கு நைட் ஷிஃப்ட் குறைஞ்சிருச்சு, அதனால இப்போ சாயங்காலம் ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வர முடியுது, அதுவே பெரிய சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வரேன். கிறிஸ்மஸ் லைட்ஸ் பாக்க டிசம்பர்ல இங்க இங்கிலாந்து வடக்குல நியூகாசில் வரலாமான்னு கேட்டிருந்தே. வேணாம்டி, ஜூன் கடைசியில வா. டிசம்பர்ல இங்க நாலு மணிக்கு முன்னாடியே பொழுது சாஞ்சிடும், நீங்க வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயித்துக்கிழமை கிளம்பறதுக்குள்ள பகல்னு கண்ணுல பாக்குறது கொஞ்ச நேரம்தான். ஜூன்ல ராத்திரி பத்து மணிக்கும் வானம் வெளுப்பாவே இருக்கும், ரெண்டு நாள் மூணு நாள் மாதிரி ஆயிடும்.

அதைவிட முக்கியம் உன் பொண்ணு. பறவைன்னா உயிரை விடுறாளே, அவளுக்காகவே சொல்றேன், இங்க டைன் ஆத்து மேல இருக்கிற டைன் பாலத்துல கிட்டிவேக் கூடு கட்டியிருக்கும். கிட்டிவேக்னா கடற்காக்கா வகைதான், ஆனா பீச்ல சிப்ஸை பிடுங்கிட்டு ஓடுற ரகம் இல்ல, குளிர்காலம் முழுக்க அட்லாண்டிக் நடுவுலயே இருக்கும், முட்டை போட மட்டும்தான் கரைக்கு வரும். வழக்கமா கடலோரப் பாறைச் சரிவுலதான் கூடு கட்டும். இங்க என்னன்னா கடல்ல இருந்து சுமார் 13 கிலோமீட்டர் ஆத்து வழியா உள்ள வந்து, கீழ பஸ்ஸும் காரும் ஓடிட்டிருக்க, பாலத்தோட விளிம்புலயும் பக்கத்துக் கட்டடங்களோட ஜன்னல் மேட்டுலயும் கூடு கட்டுது, உலகத்துலயே கடலை விட்டு இவ்வளவு உள்ள வந்து குடியிருக்கிற கிட்டிவேக் கூட்டம் இதுதான். மண்ணும் புல்லும் பாசியும் வாயில கொண்டுவந்து ஒட்டி ஒட்டி ஒரு கை அகல விளிம்புல கூடு. பெரிய பறவைக்குக் காலு கறுப்பு, றெக்கை நுனி கறுப்பு, மத்த இறகெல்லாம் வெள்ளை சாம்பல். பேரைச் சொல்லியே கத்தும். ஜூன் கடைசின்னா குஞ்சு பொரிச்சிருக்கும், ஆகஸ்ட் முடியறதுக்குள்ள எல்லாம் கடலுக்குப் போயிடும், டிசம்பர்ல வந்தா வெறும் விளிம்பைத்தான் பாப்பீங்க. கீழ நடக்கும்போது எச்சம் விழும், நாத்தமும் இருக்கும், தொப்பி போட்டு கூட்டிட்டு வா. பாலம் 1928ல திறந்தது, நூறாவது வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு இப்போ பெருசா பெயின்ட், ரிப்பேர் வேலை நடக்குது, அதனால சாரம் கட்டி மறைச்சிருந்தா ஏமாந்துடாதீங்க, ஆத்தங்கரையில பால்டிக்னு ஒரு ஆர்ட் கேலரி, அது சுவர்லயும் கூடு உண்டு.

ட்ரெயின் லண்டன் கிங்ஸ் கிராஸ்ல இருந்து சுமார் மூணு மணி நேரம். டிக்கெட் போடும்போது போற திசைக்கு வலதுபக்க ஜன்னல் சீட்டா பாரு. டர்ஹம் வந்ததும் மேட்டு மேல கதீட்ரல் முழுசா தெரியும், அப்புறம் ஊருக்குள்ள நுழையும்போது ஆத்து மேல பாலம் பாலமா தெரியும். அதுல ஹை லெவல் பிரிட்ஜ் 1849ல ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டினது, மேல ரயில், கீழ ரோடு. அண்ணாகிட்ட காட்டு, அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

நீ பிசிக்ஸ் டீச்சரா இருந்துட்டு லிட் அண்ட் ஃபில் பாக்காம போகக் கூடாது. சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு நிமிஷ நடை, பழைய லைப்ரரி, உள்ள போய்ப் பாக்க காசு கிடையாது, ஆனா சனிக்கிழமை காலைலயே போயிடணும். ஜோசப் ஸ்வான் 1880ல தன்னோட மின்சார பல்பை எரிச்சுக் காட்டினது அங்கதான். எடிசன் பேரை மட்டும் படிச்சு வளர்ந்த நம்ம ரெண்டு பேரும் அந்த ரூம்ல ஒரு தடவை சேர்ந்து நிக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசைடி.

அங்கிருந்து கிரெய்ஞ்சர் மார்க்கெட். 1835ல திறந்த சந்தை, இன்னிக்கும் காய்கறி, மீன், துணின்னு ஊர் ஜனம் வாங்குற இடம். அங்க ஸ்டாட்டின்னு ஒரு தட்டையான ரொட்டி, நடுவுல பீஸ் புட்டிங் தடவித் தரச் சொல்லு, மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவெச்சு மசிச்சது, நம்ம பருப்பு மசியல் மாதிரியே இருக்கும். வழக்கமா பன்றிக்கறி சேர்ப்பாங்க, வேணாம்னு முதல்லயே சொல்லிடு, பருப்பை ஹாம் வேகவெச்ச தண்ணியில செஞ்சாங்களான்னும் கேட்டுக்கோ. இல்லன்னா சீஸ் சேவரி ஸ்டாட்டி வாங்கு, அதுல கறி கிடையாது.

மதியம் மெட்ரோ பிடிச்சு கடலுக்கு. மான்யுமென்ட்ல ஏறி டைன்மவுத்ல இறங்கலாம், ஸ்டேஷனே பழைய விக்டோரியா காலத்து கண்ணாடிக் கூரை, சனி ஞாயிறு பிளாட்ஃபார்ம்லயே சந்தை போடுவாங்க. அப்புறம் லாங்சாண்ட்ஸ் பீச்ல நடந்து கல்லர்கோட்ஸ், மறுபடி மெட்ரோல ஏறி விட்லி பே. போன வழியில திரும்ப வேண்டியதில்ல, அதே திசையில உக்காந்திருந்தா வண்டி சுத்திட்டு மான்யுமென்ட்டுக்கே வந்துடும். செயின்ட் மேரிஸ் லைட்ஹவுஸ் போகணும்னா அலை நேரம் பாத்துட்டுத்தான் போகணும், அந்த வழி ஏத்தத்துல முழுகிடும், நான் பாத்து சொல்றேன். தண்ணி ஜூன்லயும் ஐஸ் மாதிரி, ஸ்வெட்டர் அவசியம்.

ஞாயித்துக்கிழமை காலைல ஆத்தங்கரைச் சந்தை, அங்கிருந்து மில்லேனியம் பிரிட்ஜ்ல நடந்து பால்டிக். கப்பல் போகணும்னா அந்தப் பாலமே சாயுற மாதிரி கட்டியிருக்காங்க. பால்டிக் முன்னாடி மாவு மில், 2002ல இருந்து ஆர்ட் கேலரி, நுழைவு இலவசம். மாமியாருக்கு முட்டி வலின்னு சொன்னேல்ல, ஆத்துக்கு இறங்குறது ரொம்ப சரிவு, படியும் நிறைய, அவங்களை பஸ்லயே கூட்டிட்டுப் போய் பஸ்லயே ஏத்திடுவோம்.

நேரம் இருந்தா யுனிவர்சிட்டிக்குள்ள ஒரு நடை போகலாம். மார்ட்டின் லூதர் கிங்குக்கு 1967 நவம்பர்ல இங்க கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தாங்க, அடுத்த ஏப்ரல்ல அவரைக் கொன்னுட்டாங்க. அவர் சிலை வெச்சிருக்காங்க, பொண்ணுக்குக் காட்டணும்.

ஜூன் கடைசி வாரம் டவுன் மூர்ல ஹாப்பிங்ஸ் பொருட்காட்சி, ராட்டினம் எல்லாம் வரும். ஊருக்கு நடுவுல மாடு மேயுற பெரிய மைதானம்டி அது, மாட்டைப் பாத்தாலே மாமியார் குஷியாயிடுவாங்க. அண்ணாவுக்கு நியூகாசில் யுனைடெட் ஃபுட்பால் டீமோட மைதானம், செயின்ட் ஜேம்ஸ் பார்க் டூர் போடலாம், ஜூன்ல மேட்ச் கிடையாது. 1955க்கு அப்புறம் 2025லதான் உள்நாட்டுக் கோப்பை ஜெயிச்சாங்க, இப்பவும் ஹாஸ்பிடல்ல பாதி பேரு அதைத்தான் பேசுறாங்க.

ரூம் எடுக்கணும்னு அண்ணா பிடிவாதம் பிடிச்சா ஜெஸ்மண்ட் பக்கம் எடுங்க, பிக் மார்க்கெட் பக்கம் வேணாம், வெள்ளி சனி விடிய விடிய சத்தம், மாமியார் தூங்கவே முடியாது. ஆனா என் வீடு ஹீட்டன்ல சும்மாதான் இருக்கு, எனக்கு நீ இங்க தங்கணும்னுதான் ஆசை, ராத்திரி உக்காந்து பேச வேண்டாமா? ஹாஸ்பிடல்ல ஜூன் லீவை இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிக் கொடுக்கணும். பொண்ணோட ஸ்கூல் தேதி பாத்துட்டு எந்த வாரம்னு சீக்கிரம் சொல்லு.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு.

உன்
கலா