கண்ணாடி மாளிகைக்குக் குளிர் தெரியும்

ஆசிரியருக்கு,

உதகையில் பறக்கும் தட்டு வடிவில் நிற்கும் கண்ணாடிக் கட்டடத்தைப் புதுப்பிப்பது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் கண்டேன். இடிக்காமல் திருத்துவது நல்ல முடிவே. ஆனால், குளிரைச் சமாளிக்க மின் ஹீட்டர்களைக் கூட்டுவது வீண்செலவு. 12 மி.மீ. இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடியைவிட, ஒற்றைக் கண்ணாடி வழியே ஏறக்குறைய இருமடங்கு வெப்பம் வெளியேறும். உறைபனி மாதங்களில் விடியற்காலையில் கண்ணாடியின் உட்புறம் நீர் கோத்து, அலுமினியச் சட்டத்தின் அடியில் தேங்கி, ஜன்னலோரப் பலகை கறுத்துப் பூசணம் பிடிப்பதை இங்குள்ள விடுதிகளில் பார்க்கலாம் (துடைப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள்!).

தென்மேற்குப் பருவமழை சாய்வாக அடிக்கும் பக்கம் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பலாம். வெயில் விழும் கிழக்கிலும் தெற்கிலும் இரட்டைக் கண்ணாடி போதும். வாசலில் வழுக்கும் கிரானைட் படிகளுக்கு அருகே, 1:12 சரிவில் (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) கைப்பிடியுடன் சொரசொரப்பான சாய்தளமும் மழைக்கு ஒதுங்க முன்கூரையும் அமைக்க வேண்டும்.

- வாசகர், குன்னூர்